கண் வைத்தவள்

கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, மேடம். எதிரில் யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் மூக்கைத்தான் பார்ப்போம். உங்கள் கண்ணாடி இடது பக்கம் இறங்கியிருக்கிறது. மூக்கில் உட்காரும் தாங்கி வளைந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். கழற்றிக் கொடுத்தால் நொடியில் நிமிர்த்திவிடுவேன். வேண்டாமா, சரி. இப்படியே போட்டுக்கொண்டிருந்தால் சாயங்காலம் தலை வலிக்கும், அதற்காகச் சொன்னேன்.

என் தங்கையைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் ‘வெளிவாசல்’ பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நீங்கள் அந்தத் தொடரைப் பார்த்ததே இல்லை என்று உள்ளே வரும்போதே சொல்லிவிட்டீர்கள். பரவாயில்லை. நாங்கள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் தொடங்கியது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நட்சத்திரங்களுக்கு நடுவே சுங்கச்சாவடி மாதிரி ஒரு நிலையம். வருகிற போகிற கப்பல்களைச் சோதிப்பதற்கு ஒரு சின்னக் கூட்டம். அவர்களைத் தேடி வருகிற வம்புகள். நடிகர்களுக்கு நரை விழுந்தது, புது ஆட்கள் வந்தார்கள், நிலையத்தின் வடிவம் மாறியது, சீருடை மாறியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாங்கள் தொண்டை கட்டுகிற வரை சண்டை போட்டோம்.

நாங்கள் என்றால் எங்கள் ரசிகர் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு தையல் கடையின் மாடியில் கூடுவோம். நிலையத் தலைவனின் மேலங்கியை அச்சு அசலாகத் தைத்துப் போட்டுக்கொண்டுதான் தையல்காரர் எங்களுக்குக் கதவையே திறப்பார். ஒரு பேருந்து ஓட்டுநர் வருவார், ஒரு கணக்கு வாத்தியார் வருவார், இன்னும் சிலர். நானும் தங்கையும் தவறாமல் போவோம். என்னைப் பெரியக்கா என்பார்கள். அங்கே என்னைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வாதம் எவ்வளவு முற்றினாலும் கடைசியில் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். “பெரியக்கா சொல்லிட்டா அதுக்கப்புறம் பேச்சே இல்ல” என்பார் ஓட்டுநர். தங்கைக்கு அங்கே தனியாக ஒரு பெயர் கிடையாது. பெரியக்காவின் தங்கச்சி, அவ்வளவே.

அந்தத் தொடரில் ஒரு வேற்றுக் கிரகக் கூட்டம் வரும். அவர்களுக்கு முகத்தில் கண் கிடையாது, மூக்கு கிடையாது, உரித்த முட்டை போல மொழுக்கென்று இருக்கும். அதனால் ரசிகர்கள் வைத்த பெயர் மொழுக்கர்கள். வாசலில் வந்து நிற்பார்கள், மெல்லத் தலையைத் திருப்புவார்கள். கண்ணே இல்லாமல் நம்மைப் பார்ப்பார்கள். தொடரின் உயிரே அதில்தான் இருந்தது என்பது என் கட்சி.

போன வருஷம் தயாரிப்பாளர்கள் மாறினார்கள். வந்ததும் முதல் வேலையாக, மொழுக்கர்களுக்குக் கண் வைக்கப் போகிறோம் என்று அறிவித்தார்கள். ரப்பர் முகமூடி போய்விடும், நடிகரின் முகத்திலேயே ஒப்பனை, கண்ணில் வெள்ளி நிற லென்ஸ். அன்றைக்குத் தையல் கடை மாடியில் நடந்த ரகளையில் கீழே இருந்து ஆள் ஏறி வந்து என்ன விஷயம் என்று கேட்டார்கள்.

“கண்ணு இல்லாததுதான் அதோட பயமே,” என்றேன் நான். “கண்ண வெச்சுட்டா அது பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி ஆயிடும். என்ன சௌக்கியமான்னு கேக்கத் தோணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் மேசையைத் தட்டினார்.

“அப்படி இல்லக்கா,” என்றாள் தங்கை. “கண்ணு இருந்தாத்தான் அது என்ன நெனைக்குதுன்னு தெரியும். எனக்கு அது தெரியணும்.”

“தெரியக் கூடாதுன்னுதான் அவங்க வெக்கல.”

“வெக்கத் தெரியாம விட்டுருப்பாங்க. நீயா அவங்களுக்கு ஒரு காரணம் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டே.”

மறுபடியும் சிரித்தார்கள். இந்த முறை அவள் சொன்னதற்காக. நானும் சிரித்தேன். எனக்கு அவள்மேல் கோபம் வந்ததே இல்லை, மேடம். யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள்.

பிறகு கௌரவ வேடம் பற்றிய அறிவிப்பு வந்தது. அதிலும் எங்களுக்குப் பழைய மனக்குறை உண்டு. ஒருமுறை தொலைக்காட்சியில் சமையல் சொல்லிக்கொடுக்கிற ஒருவரைக் கொண்டுவந்து கப்பல் தலைவனாகப் போட்டார்கள். மனிதர் விண்வெளியிலும் எதையோ கிளறுகிற மாதிரியே கையை ஆட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு முறை ஒரு பாடகி வந்து, செத்துப்போகிற காட்சியில்கூடத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். இந்த முறை பிரபலம் யாரும் கிடையாது, கண் உள்ள முதல் மொழுக்கராக ஒரு ரசிகரையே நடிக்க வைக்கிறோம், விருப்பம் உள்ளவர்கள் சின்னதாக ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்றார்கள்.

தங்கை நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள். மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் நிற்பது அவளுக்குப் பழக்கம். எங்கள் சமையலறைச் சுவர் ஓரமாக முகம் முழுக்கப் பவுடரை அப்பிக்கொண்டு நின்றாள். நான்தான் போனைப் பிடித்து எடுத்தேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். நான் போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். “ஆடுதாக்கா? இன்னொரு தடவ எடுக்கலாமா?” என்று கேட்டாள். வேண்டாம், நன்றாக வந்திருக்கிறது என்றேன். நன்றாகத்தான் வந்திருந்தது.

மறுநாள் அவள் வேலைக்குப் போன பிறகு, போனை ஒரு டப்பாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, அதே சுவர் ஓரமாக நானும் நின்றேன். அதே பவுடர். நானும் அனுப்பினேன். இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. கண் வைக்கவே கூடாது என்று கூட்டத்தில் பேசியவள் இதற்கு ஏன் அனுப்பினாய் என்று கேட்பீர்கள். யாரோ ஒருவர் அந்த வேடத்தைப் போடத்தான் போகிறார்கள். தொடரைத் தெரிந்தவர் போடட்டுமே என்று நினைத்தேன்.

அவளைத்தான் கூப்பிட்டார்கள். செய்தியைச் சொல்ல நேராக என் கடைக்கே ஓடி வந்தாள். நான் ஒரு பெரியவருக்குக் கண் இடைவெளி அளந்துகொண்டிருந்தேன். “அக்கா, என்னைக் கூப்பிட்டுட்டாங்கக்கா” என்று அத்தனை பேருக்கும் முன்னால் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். அளவு பிசகாமல் அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் திரும்பி அவளைக் கட்டிக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து அவளும் அழுதாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போனோம். படியேறும்போதே கைதட்டல். கண்ணே கூடாது என்று என்னோடு சேர்ந்து கத்திய அதே ஆட்கள், இப்போது வெள்ளிக் கண்ணில் எத்தனை நுணுக்கம் இருக்கிறது என்று அவளுக்கே விளக்கிக்கொண்டிருந்தார்கள். தையல்காரர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க பெரியக்கா. உங்க தங்கச்சி கண்ணப் பாத்துட்டுத்தான் அந்த டிசைனே போட்டாங்களோன்னு இருக்கு.”

“இருக்கும்,” என்றேன்.

அன்றைக்கே அவளுக்கு வெள்ளிக்கண்ணு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கு அடுத்த வாரம் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். இவங்க யாரு என்று அவள் என்னைக் காட்டிக் கேட்டதற்கு ஓட்டுநர் சொன்னார்: “இவங்கதான் வெள்ளிக்கண்ணோட அக்கா.” அவர் மனதில் கள்ளம் எதுவும் கிடையாது. வாயில் வந்ததைச் சொன்னார். நான் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

லென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். தங்கைக்குத் தண்ணீருக்கு அடியில் பயம் கிடையாது, ஆனால் கண்ணில் விரல் பட்டால் உதறிப் போட்டுவிடுவாள். ஒத்திகை அன்று ஒப்பனைக்கார அம்மா எவ்வளவோ முயன்றும் லென்ஸ் வைக்க முடியவில்லையாம். இமையை இறுக்கிக்கொண்டு அழுதிருக்கிறாள். கடைசியில் அவளே, “எங்கக்கா கண்ணாடிக் கடையிலதான் இருக்காங்க. அவங்க வெச்சா அசைய மாட்டேன்” என்றிருக்கிறாள். அப்படித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். படப்பிடிப்புத் தளத்துக்குள் நான் காலடி வைத்தது என் தங்கைக்கு லென்ஸ் மாட்டிவிடுகிறவளாக.

லென்ஸ் கழுவ நான் கொண்டுபோன சீசாவில் அந்தத் திரவம் எப்படி வந்தது என்று நேற்று உங்கள் காவலர் கேட்டார். சீசா மாறிப்போயிருக்கும் என்றேன். அதை இப்போது திருத்திக்கொள்கிறேன். எங்கள் கடைப் பட்டறையில் கண்ணாடியின் பழைய பூச்சைக் கழற்றுகிற திரவம் ஒன்று இருக்கிறது. பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். படப்பிடிப்புக்கு முதல் நாள் மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, லென்ஸ் கழுவுகிற மருந்தைக் கொட்டிவிட்டு அந்தச் சீசாவில் இதை நிரப்பினேன். கொஞ்சம் சிவக்கும், வீங்கும், படப்பிடிப்பு தள்ளிப்போகும், அவளை விட்டுவிட்டு வேறு ஆள் பார்ப்பார்கள், இதற்குமேல் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று எனக்கே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் அந்தத் திரவத்தைக் கடையில் யாரும் வெறும் கையால் தொட மாட்டார்கள். நானும் தொட்டதில்லை.

காலையில் தளத்துக்குப் போனோம். பெரிய கொட்டகை, காலில் தடுக்குகிற மாதிரி எங்கே பார்த்தாலும் வயர்கள். ஒப்பனை அறையில் அவளை உயரமான நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். முகம், கழுத்து எல்லாம் மொழுக்கென்று வெள்ளையாகிவிட்டிருந்தது. ஒப்பனைக்கார அம்மா எனக்கு இடம் விட்டு வெளியே போனார். நான் லென்ஸை எடுத்து அந்தத் திரவத்தில் முக்கி வைத்தேன்.

“என்னக்கா, டாக்டர் மாதிரி கையுறை எல்லாம் போட்டுட்டு வந்திருக்கே.”

“சுத்தமா இருக்கணும்ல.”

“ஏதோ வாசனை வருது.”

“புது மருந்து. மேல பாரு.”

பார்த்தாள். அசையவே இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

வலது கண்ணில் வைத்ததும், “அக்கா, எரியுது” என்றாள். கத்தவில்லை. தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். வெளியே இருப்பவர்களுக்குக் கேட்டால் மறுபடியும் இவளால் தாமதம் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம் அவளுக்கு.

“மொதல்ல அப்படித்தான் இருக்கும்.”

“ரொம்ப எரியுதுக்கா.” என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாற்காலிக்குக் கீழே என் காலை ஒட்டி ஒரு பெரிய தண்ணீர்ப் பாட்டில் இருந்தது, திறக்காமல். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“இன்னொன்னையும் வெச்சுட்டா சரியாயிடும்,” என்றேன்.

நீங்கள் கேட்க வந்தது இதைத்தான் என்று தெரியும், மேடம். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது லென்ஸை எடுக்க நான் அவசரப்படவில்லை. நிறுத்த வேண்டும் என்றும் தோன்றவில்லை. வலது கண்ணிலிருந்து வெள்ளைப் பூச்சைக் கரைத்துக்கொண்டு நீர் வழிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, இடது கண்ணின் இமையைத் தன் விரலாலேயே விரித்துப் பிடித்துக்கொண்டாள். அத்தனை நாள் கண்ணில் விரல் படவிடாதவள், எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று அப்படிச் செய்தாள். நான் வைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். இனி அவளுக்கு வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள் என்று மருத்துவர் எங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டாராம். தங்கை இப்போதும் சீசா மாறிப்போய்விட்டது என்றுதான் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாளாம். “அக்கா பாவம், அவளத் திட்டாதீங்க, அவ தெரியாம செஞ்சது” என்று அம்மாவிடம் கெஞ்சினாளாம். நல்ல பிள்ளை. அவளைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது.

ஒரே ஒரு வேண்டுகோள். பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தச் சொல் எனக்குப் பொருந்தாது. அவளுக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள் நான், அவளுடைய முதல் நீச்சல் உடையை வாங்கிக் கொடுத்தவளும் நான்தான். அந்த வேடத்தின் கனம் தெரியாத ஒருத்தி அதைப் போடக் கூடாது என்று நினைத்தேன், அது தொடரின் நன்மைக்காக. இருபது முப்பது வருஷமாக ஒன்றைக் கட்டிக்காத்தவர்களுக்குத்தான் அது புரியும்.

அந்த மொழுக்கர் கதையை இன்னும் எடுத்து முடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். எப்படியும் வேறு ஆள் தேடித்தான் ஆக வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே முகவெட்டு என்று அன்றைக்கு ஒப்பனைக்கார அம்மாவே சொன்னார். என் போன் உங்களிடம்தானே இருக்கிறது, மேடம். அங்கிருந்து யாராவது கூப்பிட்டார்களா?