ஓடும் என்று சொன்ன வண்டி

அந்தக் காரை நான் பேரம் பேசாமல் வாங்கினேன். எங்கள் வகையறாவில் அப்படி ஒருவன் வாங்கியது அதுதான் முதல் தடவை. கள்ளக்குறிச்சியில் மூன்று தலைமுறையாகப் புளி மண்டி வைத்திருக்கிறோம் ஐயா. இந்தக் கந்தசாமி ஒரு கட்டுக் கீரை வாங்கினாலும் கொத்தமல்லி கொசுறு கேட்பான் என்று ஊரே சொல்லும். ஆனால் ஷோரூமில் சர்வீஸ் மேனேஜர் தெய்வசிகாமணி, "மூணு வருஷம் வாரண்ட்டிண்ணே, எது உடைஞ்சாலும் எங்க பொறுப்பு" என்றார். சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து வாயை மூடிக்கொண்டேன்.

வாங்கிய பதினோராம் மாதம், கல்வராயன் மலைப்பாதையில் முன்பக்க இடது ஸ்பிரிங் உடைந்தது. பள்ளம்கூட இல்லை. கடப்பாரை கல்லில் விழுந்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து ஷோரூமில் நிறுத்தினேன். தெய்வசிகாமணி ஸ்பிரிங்கைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. பின்சீட்டை மோந்து பார்த்தார்.

"புளி மூட்டை ஏத்திக்கினு போயிருக்கீங்க. இதுக்கு வாரண்ட்டி கிடையாது."

"மாதிரிக்கு ரெண்டு கிலோ எடுத்துக்கினு வந்தேங்க. அதுக்கா இரும்பு உடையும்?"

"உடைஞ்சா இன்னாண்ணே? நுனியில ஒரு துண்டுதான். சத்தம் வரும், வண்டி ஓடும். கம்பெனிகிட்டயும் மண்டி பேரமா?"

சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வராது ஐயா, மண்டிக்காரனுக்குக் கோபம் வந்தால் சரக்கு தேங்கிவிடும். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு ஒன்பது நாள், மண்டியில் எடை போடும்போதெல்லாம் அந்தச் சிரிப்புதான் கேட்டது.

எங்கள் மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கு நல்லது என்று சொல்கிறவன், வாங்குகிறவன் கண் முன்னால் அதில் ஒரு சுளையைத் தன் வாயில் போட்டு விழுங்க வேண்டும். மண் கலந்திருந்தால் பல் சொல்லிவிடும். என் அப்பா முப்பது வருஷம் விழுங்கியே வயிற்றைக் கெடுத்துக்கொண்டார், பேரைக் கெடுத்துக்கொள்ளவில்லை. சொன்னவன்தான் விழுங்க வேண்டும். ஷோரூம்காரனுக்கு மட்டும் அது ஏன் பொருந்தாது?

பத்தாம் நாள் அதே காரில் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் போனேன். அங்கே மெக்கானிக் கடை வைத்திருக்கும் தமிழரசன், சக்கரத்துக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்தான்.

"உடைஞ்ச முனை டயர அறுத்துக்கினு இருக்குதுண்ணே. உள்பக்கம் நூல் தெரியுது. இத்தோட எறங்கினா பொணமாத்தான் வூடு போவீங்க."

வண்டியை அவன் கடைப் பக்கம் ஓரங்கட்டிவிட்டு பஸ்ஸில் இறங்கினேன். தெய்வசிகாமணிக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலைக்கு வந்து வண்டியைப் பார்க்கச் சொன்னேன்.

பைக்கில் வந்தார். மலை பார்த்ததில்லை என்று மனைவி ஜெயசுதாவும் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தார். அந்த அம்மாவை நான் கூப்பிடவில்லை. பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு சாக்குப்பை இருந்தது.

"கம்பெனிக்கு நாலு மெயில் போட்டேண்ணே. வாரண்ட்டியில ஒத்துக்கினாங்க. புது ஸ்பிரிங், கையோட கொண்டாந்துட்டேன். தமிழரசன் கடை தெறந்ததும் இங்கியே மாட்டிடலாம். அன்னிக்கிப் பேசினத மனசுல வச்சிக்காதீங்க."

இதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அவர் மன்னிப்புக் கேட்டார். நான் எதையும் மறைக்கவில்லை.

"சந்தோஷங்க. ஆனா ஓடும்னு சொன்னது நீங்கதானே? கீழ வரைக்கும் ஓட்டிக் காட்டுங்க. ஷோரூம்லயே மாட்டிக்கலாம்."

"இப்ப எதுக்குண்ணே அது?"

"வூட்டம்மா முன்னாடி சொல்லுங்க. ஓடுமா, ஓடாதா?"

ஜெயசுதா சிரித்தார். "இன்னாங்க, உங்க கம்பெனி வண்டிய ஓட்ட உங்களுக்கே பயமா?"

அதற்குமேல் எந்த ஆம்பிளை பின்வாங்குவான். குனிந்து சக்கரத்தின் பின்பக்கம் பார்த்தார், சேறுதான் தெரிந்தது. சாவியை வாங்கிக்கொண்டார். அந்த அம்மாவை என் பின்னால் பைக்கில் ஏற்றுவது முறையில்லை என்று காரிலேயே உட்காரச் சொன்னேன். வளைவுகளில் குமட்டும் என்று ஓர் எலுமிச்சம்பழம் கொடுத்தேன். பெல்ட் போட்டுக்கொள்ளவும் ஞாபகப்படுத்தினேன். இந்தக் காலத்தில் இவ்வளவு யார் பார்க்கிறார்கள்.

நான் அவருடைய பைக்கில் பின்னாலேயே வந்தேன். மூன்றாவது வளைவில் டயர் வெடித்தது. கார் ஓரச் சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது. இரண்டு பேரும் எப்படிக் கிடந்தார்கள் என்று நீங்களே பார்த்தீர்கள்.

புது ஸ்பிரிங் வந்த பிறகும் ஏன் என்று கேட்கிறீர்கள். ஸ்பிரிங்கை மாற்றித் தருவார்கள். ஏழெட்டுப் பேர் சேர்ந்து சிரித்த சிரிப்பை எந்தக் கம்பெனி மாற்றித் தரும்?

மலையில் ஒரு வாரமாக மழையே இல்லையே, டயரில் சேறு எப்படி வந்தது என்றும் கேட்டீர்கள். அன்று காலை முதல் பஸ்ஸில் போய், ஓடையிலிருந்து நான்தான் அள்ளி வந்தேன். நூல் தெரியாதபடி உள்பக்கம் பூசிவிட்டு, காய்கிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இது என்ன சேறு என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும் ஐயா, நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன்.