நாலு ரிவர்ஸ் கியர்

நெல்லித்தோப்பு ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வரிசை நகரவே இல்லை. எரிச்சலோடு நின்றேன். எனக்கு முன்னால் கிரீஸ் கையோடு ஒரு அக்காவும் தம்பியும்.

"அக்கா, நம்ம லாரிக்கு இப்ப நாலு ரிவர்ஸ் கியர்."

"முன்னாடி போக?"

"ஒண்ணுதான். பின்சக்கரத்தைச் சுத்துற டிபரன்ஷியலைத் தலைகீழா மாட்டிட்டோம்."

"மாட்டிட்டோமா? நீ மாட்டினே. நான் போல்ட்டுதான் முடுக்கினேன்."

"சாயங்காலம் கோரிமேடு வரைக்கும் ஓட்டிக் காட்டலேன்னா, அப்பா இரும்புக்கடைக்குப் போட்டுடுவாரு."

"அந்த ஒத்த கியர்ல போயேன்டா."

"அதுல போனா, அப்பா கோரிமேட்டுக்கு நடந்தே போயிட்டுத் திரும்பிடுவாரு."

"கழட்டி மாட்டு."

"ஒரு நாள் வேலை, அக்கா. சாயங்காலத்துக்குள்ள முடியாது."

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கையிலிருந்த டின்னைக் கீழே போட்டாள். கடைக்காரர் திட்டினார். இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை.

"அப்ப ரிவர்ஸ்லயே போவோம்டா. நீ ஓட்டு, நான் பின்னாடி ஏறி நின்னு வழி சொல்றேன்."

"அப்பா கேட்டா?"

"அவரையும் என்கூட பின்னாடியே ஏத்திடுறேன். ரோட்டைப் பாத்து உக்காந்தா, வண்டி நேராத்தானேடா போவுது!"