சிவப்பு ஒட்டு

இரண்டாம் உலக யுத்த காலம். மீமிசலிலிருந்து அறந்தாங்கிக்கு, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

“என் கூறைச்சேலை கொழும்பு வரைக்கும் போயிட்டு வந்துருச்சு. நான்தான் அறந்தாங்கியத் தாண்டலை” என்றாள் மூத்தவள்.

“சேலை மட்டும் எப்படிக்கா போச்சு?” என்றாள் இளையவள்.

“தோணிக்குக் கீலு பூசி, தண்ணிப் பானையெல்லாம் ஏத்தி, பொறப்படுற நேரத்துல பாயில கிழிசலப் பாத்தாரு ஒன் மச்சான். செவப்பு முந்தியக் கிழிச்சு நான்தான் ஒட்டுப் போட்டேன்.”

“ஐயோ, கூறைச்சேலையவா!”

“அதுவும் நல்லதாப் போச்சு. அத்தனை வெள்ளைப் பாயிலயும் அந்தச் செவப்பு தூரத்துலயே தெரியும். கண்டதும் ஒலை வைப்பேன். அவரு கரையேறி வர்றப்ப சோறு வெந்துருக்கும்.”

“இப்ப?”

“சண்டைன்னு தோணியக் கரையில ஏத்தியாச்சு. நாள் பூரா வீட்டுலதான் இருக்காரு. எப்ப ஒலை வைக்கிறதுன்னே தெரியலை.”