பத்து வருடம் நிலைக்கும் கொன்பரன்ஸ்

ஒரு ஹொக்கிக் கொன்பரன்ஸ் இன்னும் பத்து வருடம் நிலைக்குமா என்று அறிய வேண்டுமென்றால், அதில் ஆடுகிற பிள்ளைகளைப் பார்க்கக் கூடாது. கூரையைப் பார்க்க வேண்டும். ஐஸ் அரங்கின் கூரை ஒழுக, அதைத் திருத்தாமல் வாளி வைத்துத் தண்ணீர் பிடிக்கிற கல்லூரி கொஞ்சக் காலத்தில் ஹொக்கியையே கைவிட்டுவிடும். அதைப் பார்த்துப் பக்கத்துக் கல்லூரி வேறு கூட்டத்தில் போய்ச் சேரும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அகராதியும் கையுமாக நானே வாசித்து அறிந்தது.

கௌசி பிள்ளை, நீங்கள் ஹொக்கிச் சங்கத்தின் விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள் என்பது தெரியும். இருந்தாலும் கோட்டைக் கழற்றிவிட்டு வசதியாக இருங்கள். இது கொஞ்சம் நீளும். இடையில் மறித்துக் கேள்வி கேட்க வேண்டாம். நிறுத்தினால் திரும்பத் தொடங்க எனக்குத் துணிவு வராது.

என் பெயர் இராஜேஸ்வரி. அறுபத்தெட்டு வயது. கலியாணம் நடக்கவில்லை. இந்த அஜின்கோர்ட் வீடு என் தங்கை ஜெயமலருடையது. அவளுடைய மகள் அட்சயா பிறந்த கிழமைதான் நான் கனடாவுக்கு வந்திறங்கினேன். தங்கைக்குப் பிக்கரிங்கில் முதியோர் இல்லத்தில் வேலை, அவள் கணவர் வினோதனுக்கு லொறி. ஆகவே பிள்ளை என் கையில்தான் வளர்ந்தாள். ஏழு வயதில் ஹொக்கிதான் வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றபோது, அவளைவிடப் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி அரீனாவுக்குப் போனவளும் நான்தான். பெரியம்மா கட்டினால்தான் ஸ்கேற் இறுக்கமாக நிற்கும் என்பாள். பன்னிரண்டு வயதில் தானே கட்டப் பழகிக்கொண்டாள். அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் நான் வாங்கில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து குனிந்துகொண்டுதான் இருந்தேன்.

போன இலையுதிர் காலத்தில் அமெரிக்காவிலிருந்து இரண்டு கல்லூரிகள் அவளைக் கேட்டன. படிப்பு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒன்று ஆற்றங்கரைக் கொன்பரன்ஸைச் சேர்ந்தது, மற்றது பேரேரிக் கொன்பரன்ஸைச் சேர்ந்தது. கொன்பரன்ஸ் என்றால் தங்களுக்குள் ஆடுவதற்கென்று ஏழெட்டுக் கல்லூரிகள் சேர்ந்து வைத்திருக்கிற கூட்டம். உங்களுக்குத் தெரியும். உங்கள் அறிக்கையைத் தெரியாதவர்கள் வாசித்தால் விளங்கட்டும் என்று சொல்கிறேன்.

எங்கள் ஊரில் சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளையைக் கடைசியாகத்தான் பார்ப்பார்கள். முதலில் பார்ப்பது குடும்பத்தை. பிரிந்து போனவர் உண்டா, கோடு கச்சேரி என்று வழக்கு உண்டா, வீடு யார் பெயரில். நானும் அப்படித்தான் பார்த்தேன். ஆற்றங்கரையில் எட்டுக் கல்லூரிகள் இருந்தன, ஆறு வருடத்தில் மூன்று போய்விட்டன, கோச்மார் ஒரு இடத்திலும் நிலைத்து நிற்பதில்லை. பேரேரியில் பத்துக் கல்லூரிகள், இருபது வருடமாக ஒன்றும் அசையவில்லை. ஒரு கொப்பி முழுக்க எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் எல்லோருக்கும் வாசித்தும் காட்டினேன்.

"மச்சாள் ஹொக்கிக்கும் சாதகம் பாக்கத் தொடங்கீற்றா. செவ்வாய் தோசம் ஏதும் இருக்கோ, மச்சாள்?" என்றார் வினோதன்.

"சும்மா இருங்கோ. அக்கா இவ்வளவு மினக்கெட்டு எழுதியிருக்கிறா" என்றாள் தங்கை.

அட்சயாவுக்கு விருப்பம் ஆற்றங்கரையில்தான். அந்தக் கல்லூரியின் பெண் கோச் தொலைபேசியில் அவளோடு ஒரு மணித்தியாலம் சிரித்துச் சிரித்துக் கதைத்திருந்தா. "பெரியம்மா, நான் பிளே பண்ணப் போறது நாலு வருசம்தானே. பத்து வருசத்தில லீக் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. கோழிக்காலை என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

அவள் சொன்னது சரி. சரி என்று தெரிந்தும் கொப்பியில் இன்னும் நாலு பக்கம் எழுதினேன்.

மொட்டைக் கடிதம் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், இங்கே பிறந்த பிள்ளை. ஊரில் ஒரு சம்பந்தம் கூடிவருகிற நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு கடிதம் வரும். அனுப்பியவர் பெயர் இராது. கீழே 'நலன்விரும்பி' என்று மட்டும் இருக்கும். பெண்ணைப் பற்றி ஒரு வசனம் போதும். எனக்கு இருபத்தெட்டு வயதில் பேசி முற்றாகிய சம்பந்தத்துக்கு அப்படி ஒன்று வந்தது. எனக்கு வலிப்பு வருமாம். ஒரு நாளும் வந்ததில்லை. ஆனால் வராத நோயை வரவில்லை என்று காட்டுவது எப்படி? அதன் பிறகு கேட்டு வந்தவர்கள் எல்லோருக்கும் அந்தக் கதை எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. யார் எழுதினார்கள் என்று இன்றுவரை தெரியாது. இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. அது ஒரு பெண்ணை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது, அதற்காகத்தான் சொல்கிறேன்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நூலகத்துக்குப் போனேன். அங்குள்ள கணினியில் புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி எடுத்து, ஆற்றங்கரைக் கோச்சுக்கு ஆங்கிலத்தில் ஆறு வரி எழுதினேன். அட்சயாவுக்கு வலிப்பு உண்டு, குடும்பம் மறைக்கிறது, பதின்மூன்று வயதில் விட்பியில் போட்டியன்று விழுந்தாள், கேட்டுப் பாருங்கள். கீழே நலன்விரும்பி. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன். பிறகு கடைக்குப் போய் அவளுக்குப் பிடித்த விளைமீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

விட்பியில் அவள் விழுந்தது உண்மை. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஆடி, ஆட்டம் முடிந்து வாகனத் தரிப்பிடத்தில் மயங்கிவிட்டாள். அவளோடு ஆடுகிற நதீஷாவின் தகப்பன் பேனாட்தான் அன்று எங்களைத் தன் வான் வண்டியில் ஏற்றிப் போனவர். பிள்ளையைத் தூக்கிவந்து, தன் போத்தலில் இருந்த தேநீரைப் பருக்கியதும் அவர்தான்.

கோச் கடிதம் வந்ததைச் சொல்லி அட்சயாவிடம் கேட்டா. அட்சயாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது, நான் அப்படி வளர்க்கவில்லை. ஓம், ஒருக்கால் மயங்கினேன் என்று சொல்லிவிட்டாள். நரம்பு வைத்தியரின் கடிதம் கேட்டார்கள். வைத்தியரிடம் திகதி கிடைத்தது மார்ச்சில். அதுவரை காத்திருக்க அவர்களுக்கு முடியவில்லை, அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

விட்பியில் நடந்தது யாருக்குத் தெரியும் என்று வீட்டில் கதை எழும்பியது. நதீஷாவையும் எடுக்கலாமா என்று அதே கோச் பார்த்துக்கொண்டிருந்தா. எல்லோருடைய மனமும் ஒரே இடத்துக்குப் போயிற்று. நான் யாரையும் காட்டவில்லை. காட்டத் தேவைப்படவில்லை.

அரீனா வாசலில், ஒரு கூட்டத்துக்கு முன்னால், வினோதன் பேனாட்டைப் பிடித்துக்கொண்டார். "உம்மட பிள்ளைக்கு இடம் வேணுமெண்டா என்ர பிள்ளையின்ர தலையிலயா ஏறி நிக்கிறது?"

பேனாட்டுக்கு முதலில் விளங்கவேயில்லை. விளங்கியதும் என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. இத்தனை வருசமாப் பழகிறம். நான் அப்பிடிச் செய்யிற ஆளோ?"

"எனக்கென்ன தெரியும், தம்பி" என்றேன். "விட்பியில நீரும் நானும்தானே நிண்டனாங்கள்."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதை நினைத்துத்தான் எனக்குக் கூடுதல் வெட்கம். நதீஷா தகப்பனின் கோட்டுக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். அடுத்த கிழமை, விசாரணை முடியும்வரை அவர் அரீனாவுக்குள் கால் வைக்கக் கூடாது என்று உங்கள் சங்கம் கடிதம் கொடுத்தது. நதீஷா ஆட்டத்தையே விட்டுவிட்டாள். ஆற்றங்கரைக் கோச் அவளையும் எடுக்கவில்லை.

இரண்டாவது கடிதத்தைப் பற்றி நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்கக் கூச்சப்படுகிறீர்கள். நல்ல பிள்ளை. நானே சொல்கிறேன்.

ஜனவரியில் பேரேரிக் கல்லூரி அவளுக்கு இடம் தருவதாக எழுதியது. நான் தெரிந்தெடுத்த கொன்பரன்ஸ். இருபது வருடம் அசையாதது. வீட்டில் கேசரி கிண்டினோம். வினோதன், "மச்சாளின்ர சாதகம் பலிச்சிட்டுது" என்றார். அட்சயா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "பெரியம்மா, யூ வேர் ரைட்" என்றாள். பிறகு எந்தெந்தச் சாமான் கொண்டுபோவது என்று எழுதத் தொடங்கினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கொப்பியில் அந்தக் கல்லூரிக்கு எதிராக எழுத ஒரு வரியும் இருக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை நூலகத்துக்குப் போனேன். அதே கடிதம்தான். கோச்சின் பெயரை மட்டும் மாற்றினேன்.

பேரேரியும் கைவிட்டதும், பேனாட் அடங்காமல் இரண்டாம் தரமும் எழுதிவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரை ஆயுளுக்கும் விலக்குவதா என்று உங்கள் சங்கம் நாளைக்குத் தீர்மானிக்கிறது என்று தங்கை நேற்றுச் சொன்னாள். அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன். பேனாட் எழுதவில்லை. ஆற்றங்கரைக்கு எழுதியதும் நான், பேரேரிக்கு எழுதியதும் நான். பிள்ளைக்கு வலிப்புக் கிடையாது. மார்ச்சில் நரம்பு வைத்தியரும் அதைத்தான் சொன்னார். அந்தக் கடிதத்தை வாங்குவதற்கு அப்போது ஒரு கல்லூரியும் மிஞ்சியிருக்கவில்லை.

இப்போது அவளுக்குப் பயிற்சி இல்லை. பள்ளி விட்டதும் நேரே வீட்டுக்கு வருகிறாள். அதிகம் கதைப்பதில்லை. என் மடியில் தலை வைத்துப் படுப்பாள், நான் தலையைத் தடவிவிடுவேன். சின்னப் பிள்ளையில் இருந்ததைப் போலவே இருக்கிறாள்.

இவ்வளவுதான். பேனாட்டின் பெயரைத் துடைத்துவிடுங்கள், அவருக்கு அது சேர வேண்டியது. அறிக்கையில் என் பெயரை மட்டும் போட வேண்டாம், பிள்ளை. விடயம் தெரிந்த ஒருவர் சொன்னார் என்று எழுதினால் போதாதா? மூன்றரைக்கு அட்சயா வந்துவிடுவாள். இந்த நேரத்தில் அவளைத் தேற்றுவதற்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?