சனிக்கிரகத்து இரைச்சல்

— ஒரு நிமிசமோ? உமக்கென்ன விசரே, இமெல்டா? றேடியோவிலை ஒரு நிமிசம் ஒருதரும் கதைக்காமல் இருந்தா என்ன நடக்குமெண்டு தெரியுமோ?

— தெரியும், பரமண்ணை. பதினைஞ்சு செக்கன் சத்தம் இல்லாட்டி மிசின் தன்ரபாட்டிலை நோர்வேப் பாட்டைப் போட்டுவிடும்.

— அதுதானே! போன வருசம் கந்தசட்டி நிகழ்ச்சிக்கு நடுவிலை நான் கண்ணாடியைத் தேடினது கொஞ்ச நேரம். அதுக்குள்ளை அக்கோடியன் வாசிச்சுப்போட்டுது. மரியாதை போச்சு!

— அதுக்குத்தான் இந்த சீடி. இதிலை சத்தம் இருக்கு. கதைதான் இல்லை.

— என்ன சத்தம்?

— என்ர மனுசன்ர போன் இரைச்சல். ஸ்ரனிஸ்லாஸ் ஹலோ சொல்லமுதல் ஒரு நாலு செக்கன் ‘ஸ்ஸ்’ எண்டு கேக்குமெல்லோ? பதினாறு கிழமை அவர் சொன்ன வசனமெல்லாம் பதிவுநாடாவிலை கிடக்கு. முன்னுக்கு வாற இரைச்சலை மட்டும் வெட்டி வெட்டி ஒட்டினனான். ரெண்டு நாளா வீட்டை விட்டு வெளிக்கிடேல்லை.

— கடவுளே! அந்த இரைச்சலாலைதானே எங்கட விண்வெளி நாடகமே எடுபட்டது. அவன் வன்னியிலை சற்றலைற் போன் கடையிலை நிண்டு கப்டன் செழியனாக் கதைக்கிறான். இஞ்சை சனம் என்னைப் பிடிச்சு, ‘பரமநாதன், அந்த விண்வெளிச் சத்தம் என்னெண்டு போட்டனீர்?’ எண்டு கேக்குது. நான் எங்கை போட்டனான்!

— தாயைக் கூட்டிக்கொண்டு வரப் போன மனுசன். ஒரு மாதத்திலை வாறன் எண்டவர். சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டுவாங்களெண்டு ஆர் கண்டது?

— திறப்பாங்கள், பிள்ளை. யோசியாதேயும். இந்தக் கிழமையாவது போன் வந்ததோ?

— வந்தது. வியாழக்கிழமை.

— அப்பாடா! உதையெல்லோ முதல் சொல்லவேணும்! மூண்டு கிழமையா எனக்கு நித்திரையில்லை. எங்கை, கடைசி வசனம் எங்கை?

— பதிவு செய்யேல்லை.

— ஏன்?

— லைன் சரியில்லை. ஆய்க்கினைப்படுத்தாதேங்கோ, அண்ணை. எத்தினை நிமிசம் இருக்கு?

— ஆறு. எங்களுக்கு முதல் நிகழ்ச்சி செய்யிற சோமாலியாக்காரர் முடிக்கப்போகினம். இஞ்சை பாரும், தனஞ்சயன் வெளியிலை நிக்கிறான். மூக்கைப் பொத்திக்கொண்டு கதைச்சானெண்டா அச்சொட்டா ஸ்ரனிஸ்லாஸ்தான். ‘பூமி, நான் செழியன். வீட்டை வாறன்.’ ஒரேயொரு வசனம். கப்பல் திரும்பும், கதை முடியும், எல்லாருக்கும் சந்தோசம்.

— தனஞ்சயன் சொல்லக்கூடாது.

— ஏன் பிள்ளை அடம்பிடிக்கிறீர்?

— அவற்ர வசனத்தை வேறை ஒருதற்ற வாயாலை என்னாலை கேக்கேலாது. நெஞ்சு வெடிச்சுப்போடும். நான் பூமியிலையிருந்து ‘செழியன், கேக்குதோ?’ எண்டு கூப்பிடுவன். நீங்கள் சீடியைப் போடுங்கோ. ஒரு நிமிசம் அவற்ர இரைச்சல் கேக்கட்டும். அவ்வளவுதான். சனிக்கிரகத்திலையிருந்து சத்தம் வர நேரமெடுக்கும் எண்டு நீங்கள்தானே எழுதினனீங்கள்?

— ஒண்டேகால் மணித்தியாலமெடுக்கும்! எங்கட நிகழ்ச்சியே அரை மணித்தியாலம்!

— அப்ப, நான் கேக்கிறது ஒரு நிமிசம்தானே.

— உமக்கு விளங்கேல்லை. மண்டபத்திலை விளக்கேத்தி, சண்டையிலை செத்தவைக்கு ஒரு நிமிசம் எழும்பி நிண்டு பழகின சனம் இது. மூண்டாம் பகுதியிலை பன்ரண்டு செக்கன் விட்டனான், நினைவிருக்கோ? புருசெத் பக்கம் இருக்கிற மனோகரி அக்கா அடுப்பை நிப்பாட்டிப்போட்டு எழும்பி நிண்டவவாம். பிறகு எனக்குப் போன் எடுத்து, ‘தம்பி, ஆர் மோசம் போனது?’ எண்டு கேக்கிறா!

— எனக்கும் சொன்னவ. அண்டைக்கு ரி-பானே ரெயினிலை சிரிச்சுச் சிரிச்சு வந்தனான்.

— அப்ப பாருமன்! பன்ரண்டு செக்கனுக்கே அப்பிடியெண்டா, ஒரு நிமிசத்துக்கு ஒஸ்லோத் தமிழ்ச்சனம் முழுக்க எழும்பி நிக்கும்.

— நிக்கட்டும்.

— என்ன?

— மண்டபத்திலை அவருக்கு ஒருதரும் நிக்கமாட்டினம், அண்ணை. அங்கை வாசிக்கிற ஒரு பட்டியலிலையும் அவற்ர பேர் வராது. குறொன்லாண்ட் கடையிலை மீன் வெட்டின மனுசன். தாயைப் பாக்கப் போனவர். அவ்வளவுதான்.

— ஸ்ரனிஸ்லாசுக்கு ஏன் பிள்ளை நிக்கவேணும்?

— ஒலிபரப்பு லைற் எரியப்போகுது. சீடியை உள்ளை தள்ளுங்கோ.

— இமெல்டா, என்ரை முகத்தைப் பாரும். போன் வந்தது எண்டனீரெல்லோ?

— வந்ததுதான், அண்ணை. கதைச்சது அவரில்லை, அவற்ர அம்மா. அடக்கம் முடிஞ்சு அண்டைக்கு ஆறாம் நாள் எண்டவ.