கல்லிடுக்குப் பெட்டி

எனக்குத் தனியாகச் சாப்பிட வராது. அதிலிருந்து தொடங்கினால்தான் உமக்கு விளங்கும், கோபாலசிங்கம். உம்முடைய அக்காவுக்கு என்ன நடந்தது என்று கேட்க மிலானிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர். மறைக்காமல் சொல்கிறேன். தேத்தண்ணியை ஆறுமுன் குடியும்.

உமது மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு மிலானுக்கு வந்த என் மனுசி சிவமலர், மாரிகாலம் முழுக்க அங்கேயே நின்றுவிட்டாள். இங்கே தெற்கிலே, கபோச் சந்தைக்கு மேலே, இந்த இரண்டு அறைக்குள் நான் ஒருவனாக இருந்தேன். மீன்காரர் கூவுகிற சத்தம் மட்டும் துணை. திரும்பி வந்தவள், "இஞ்சேருங்கோ, தம்பி வீட்டிலை மூச்சு விட லேசாக் கிடந்தது" என்றாள். வயிறு எரிந்தது.

பிறகுதான் இதய வால்வு பழுது என்றார்கள். ஒப்பரேசன் செய்தே ஆகவேண்டும். நீர் மிலானில் நாள் எடுத்துக் கொடுத்தீர். பிறகு உமது வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதாகவும் சொன்னீர். நல்ல மனம்தான். ஆனால் இந்த முறை போனால் அவள் திரும்பி வரமாட்டாள்.

அந்த ஞாயிறு வழக்கம்போல ரொசலியா மாதாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறினோம். எங்கள் சனம் சைவமென்றாலும் அந்த மலையை விடாது. பாதி வழியில், நிழலே இல்லாத மொட்டைப் பாறையில், அவள் களைத்துப்போய்க் குந்திவிட்டாள். கையூன்றிய கல் ஆடியது. இடுக்குக்குள் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ஆட்டுப்படம் வெட்டிய ரப்பர் முத்திரையும் ஒரு கொப்பியும் இருந்தன. கொப்பி நிறையப் பெயரும் திகதியும்.

"பாருங்கோ, அர்ச்சனைக்குக் குடுக்கிறமாதிரிப் பேர் குடுத்திருக்கினம். இது அம்மாளின்ரை நேர்த்திப் பெட்டி" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அது மலையேறுகிறவர்கள் ஒளித்துவைத்துத் தேடுகிற விளையாட்டு. நான் துப்புரவு செய்கிற வீட்டுக்காரி சிஞ்ஞோராவும் அப்படிப் பெட்டி தேடிப் போகிறவ. கண்டுபிடித்தால் முத்திரை குத்தி, பெயர் எழுதி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார்கள். சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை.

அடுத்த கிழமை மலைக்குப் போனபோது, அந்தப் பெட்டிக்குள் பூக்கட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். வெள்ளை வந்தால் ஒப்பரேசன், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்கிறவர் கட்டக்கூடாது அல்லவா. "நீங்களே கட்டுங்கோ. உங்களிட்டைக் கள்ளம் இல்லை" என்றாள். மலையடியில் அலரி இரண்டு நிறத்திலும் பூத்துக் கிடந்தது. கடதாசியில் சுற்றி, ஒரே அளவாக மடித்து, பெட்டிக்குள் போட்டுக் குலுக்கினேன். அவள் கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். சிவப்பு.

அவள் அழவில்லை. "அம்மாள் வேண்டாமெண்டிட்டா" என்று உமக்கும் போனில் சொன்னாள். நீர் கத்தினீர். நானும் உமக்குக் கேட்கும்படி அவளிடம், "போவமப்பா" என்று சொல்லிப் பார்த்தேன். அவள் அசையமாட்டாள் என்று தெரிந்துதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு வந்ததுதான் எங்களுடைய நல்ல காலம். அவளால் படியிறங்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டும், சாய்ந்திருந்தபடியே தூங்குவாள். வீங்கிய காலைத் தடவிவிட்டேன், சோற்றைக் குழைத்து ஊட்டினேன், பக்கத்திலிருந்து நானும் சாப்பிட்டேன். கடைசி நாள், "மற்றதிலை வெள்ளைதானே இருந்தது?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். என் கையைப் பிடித்தபடியே போய்விட்டாள்.

மற்றதிலும் சிவப்புத்தான். இரண்டையும் சிவப்பாகவே கட்டினேன்.

ஆனால் நீரும் கொஞ்சம் யோசித்துப் பாரும். பெட்டி இருந்தது மாதாவின் மலையில். நான் குலுக்கி முடித்த பிறகும், அவள் பெட்டிக்குள் கையை விடுமுன், மாதாவுக்கு நேரம் இருந்தது. நினைத்திருந்தால் ஒன்றையாவது வெள்ளையாக்கியிருக்கலாம். நான் தனியே சாப்பிடுவதில் மாதாவுக்கும் விருப்பம் இருக்கவில்லை.