ஆறும் ஒன்பதும்

— நிறுத்து, நிறுத்து. சூயஸ் கால்வாய் திறந்தது எந்த வருஷம்னு சொன்னே?

— எய்ட்டீன் நைன்ட்டி சிக்ஸ், சார்.

— எய்ட்டீன் சிக்ஸ்டி நைன்! யூனிவர்சிட்டியில மூணு வருஷம் ஹிஸ்டரி படிச்சவளுக்கு இதுகூடத் தெரியாதா, சரஸ்வதி?

— தெரியும் சார். ஒப்பிக்கிறப்போ நோட்டுல உள்ளதுதான் வாயில வருது. லைப்ரரியில அந்தப் புத்தகம் ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டு மணி நேரத்துல திருப்பிக் கொடுக்கணும். அவசர அவசரமா நோட்டுல எழுதினேனா, ஆறையும் ஒன்பதையும் மாத்திப் போட்டுட்டேன். பரீட்சையிலயும் அப்படியே எழுதிட்டேன்.

— அந்தப் பையன் பேப்பர்லயும் நைன்ட்டி சிக்ஸ்தான் இருக்கு.

— அதைத்தான் சார் சொல்றேன்! சேதுபதி எனக்குப் பின்னாடி உக்காந்திருந்தான். புத்தகத்தைப் படிச்சிருந்தா சரியா எழுதியிருப்பானே? என் தப்பு அவனுக்கு எப்படி வரும்?

— நீதான் அவனைப் பார்த்து எழுதினேன்னு அவன் சொல்றான்.

— முன்னாடி உக்காந்தவ பின்னாடி எப்படி சார் பார்ப்பா?

— கழுத்துன்னு ஒண்ணு இருக்கும்மா, அது திரும்பும். ஏழு பக்கம், வரிக்கு வரி ஒண்ணு. நாளைக்குக் காலையில போர்டுல அஞ்சு பேர் உக்காந்து விசாரிக்கப் போறோம். யார் காப்பியடிச்சான்னு முடிவு பண்ணி ஒருத்தரை வெளிய அனுப்பணும். சேர்மன் வெள்ளைக்காரரு, அவருக்குப் பன்னிரண்டு மணிக்கு லஞ்ச். புரியுதா?

— அவங்க முன்னாடியும் ஒப்பிக்கிறேன் சார். ஏழு பக்கமும். ஒரு வார்த்தை பிசகாது.

— ஒப்பிப்பே, ஒப்பிப்பே. அப்பன் துறைமுகத்துல முதுகுல மூட்டை தூக்குறான், மக தலைக்குள்ள தூக்குறே. சுமக்கிறது உங்க ரத்தத்துலயே இருக்கு.

— எது வேணும்னாலும் சொல்லிக்குங்க சார். என்னை வெளிய மட்டும் அனுப்பிடாதீங்க. அப்பாவுக்கு இன்னும் விஷயமே தெரியாது. செராங்கூன் ரோடு பூரா எம்பொண்ணு பட்டம் வாங்கப் போறான்னு சொல்லி வச்சிருக்கார். தைப்பூசத்துக்கு டேங் ரோடு கோயிலுக்குக் காவடி எடுக்கிறதா வேண்டியிருக்கார். இந்த வயசுல அலகு குத்திக்கப் போறார் சார், எனக்காக.

— அழாதே. அழுற பொம்பளையைக் கண்டாலே எனக்கு ஆகாது. லீலா! இந்தப் பொண்ணுக்கு ஒரு மைலோ கொண்டா.

— இந்தாம்மா. சூடு லா, பார்த்துக் குடி. வெயில்ல நடந்தா வந்தே? இப்படி வேர்த்துக் கொட்டுது.

— நடந்துதான்க்கா. வேணாம்க்கா.

— அந்த நோட்டு எங்க?

— கையோட கொண்டாந்திருக்கேன் சார். ஓரத்துல பென்சில் கோடு இருக்கு பாருங்க. ஒரு தடவை ஒப்பிச்சா ஒரு கோடு போடணும். சின்ன வயசுல தமிழ்ப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் அடிச்சுப் பழக்கினது, இன்னும் விடல.

— அடேயப்பா. அறுபது கோடு இருக்கும் போலிருக்கே. இதை வேற யார்கிட்டயாவது காட்டினியா?

— இல்ல சார். போர்டுல நம்ம ஆளு நீங்க ஒருத்தர்தானே. 'தனசேகரன் சார் இருக்கார், பயப்படாதே'ன்னு கிளாஸ்ல எல்லாரும் சொன்னாங்க.

— சரி, இங்க வச்சிட்டுப் போ. நீ கொண்டாந்து நீட்டினா, நேத்து ராத்திரி எழுதின நோட்டும்பாங்க. நான் எடுத்து வச்சா மறுபேச்சு இருக்காது. புரியுதா?

— புரியுது சார்.

— இன்னொண்ணு. நோட்டு, மனப்பாடம், நைன்ட்டி சிக்ஸ் எதைப் பத்தியும் நீயா வாயைத் திறக்கக்கூடாது. நான் கேக்கிறப்போ சொல்லு. அது வரைக்கும் 'நான் காப்பியடிக்கல', அவ்வளவுதான்.

— நீங்க கேப்பீங்கல்ல சார்?

— நம்பிக்கை இல்லைன்னா நோட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்பும்மா. எனக்கு வேற வேலை இருக்கு.

— ஐயோ, கோவிச்சுக்காதீங்க சார்! தெரியாம கேட்டுட்டேன். நீங்க நல்லா இருக்கணும். உங்க பிள்ளைகுட்டி எல்லாம் நல்லா இருக்கணும். வர்றேன்க்கா.

— பார்த்துப் போம்மா, ரோட்டைப் பார்த்துத் தாண்டு. என்னங்க, மைலோவைத் தொடக்கூட இல்ல. பாவமா இருக்கு. அந்த நோட்டை நாளைக்குக் காட்டிடுவீங்கல்ல?

— காட்டாம? நோட்டைக் காட்டத்தான் போறேன். கதவைத் தாழ் போட்டுட்டு உன் அக்கா மகனை வெளிய வரச் சொல்லு.

— சேது, வாப்பா. அவ போயிட்டா.

— கேட்டியாடா எல்லாத்தையும்? இந்தா, உக்காரு. ஏழு பக்கத்தையும் உன் கையெழுத்துல எழுது, பென்சில் கோடு உள்பட.

— அப்போ அவ நோட்டை என்னங்க பண்றது?

— அடுப்பு எரியுதுல்ல, இவன் எழுதி முடிச்சதும் அதுல போடு. டேய் சேது, அந்த நைன்ட்டி சிக்ஸை மட்டும் திருத்தித் தொலைச்சிடாதே.